நாற்பத்திரண்டு அங்குலச் சதுரம்

ஜூன் 2

இன்று காலை பத்து நாற்பதுக்கு, நூலின் நிறம் வெளிர் சாம்பல் என்று முடிவாயிற்று. வெள்ளை, சந்தனம், மஞ்சள் ஆகிய மூன்று தரப்புகளும் பதினொரு நாள் வாதாடித் தோற்றன. வெள்ளை கண்ணை உறுத்தும். சந்தனம் பச்சைத் துணியின்மேல் அழுக்குப் போலத் தெரியும். மஞ்சள், மஞ்சளின்மேல் மறையும், பச்சையின்மேல் கத்தும். சாம்பல் எதன்மேல் ஏறினாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முப்பத்தோராண்டு அரசுக் கல்லூரியில் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பல நாடுகளின் எல்லைக்கோடுகள் இதைவிடக் குறைந்த யோசனையில் போடப்பட்டிருக்கின்றன.

முடிவை என் மனைவி தெய்வானைக்குத் தெரிவித்தேன். "செரிங்க" என்றாள், பச்சைமிளகாயின் காம்பைக் கிள்ளிக்கொண்டே.

தெய்வானை இங்கே கரூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் சாம்பிள் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். வெளிநாட்டுக்குப் போகும் மாதிரிக் குயில்ட்கள் அவள் கையைத் தாண்டித்தான் போகும். ஓய்வு பெற்றபின் வீட்டிலேயே துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுக் குயில்ட்டுக்கான மேல்துணி தைக்கிறாள். மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி என்று மூன்றையும் சேர்த்து மெஷினில் ஓட்டி, ஓரத்தைச் சுற்றிப் பட்டி வைத்தால்தான் அது குயில்ட். எங்கள் பீரோவில் மேல்துணிகள் ஐந்து இருக்கின்றன. குயில்ட் ஒன்றுகூட இல்லை.

நூல் எல்லாவற்றுக்கும் பொருந்துமா என்று பார்க்க இன்று ஐந்தையும் எடுத்து அளந்தேன். மூன்று, இரட்டைக் கட்டிலுக்கானவை. மற்ற இரண்டும் நாற்பத்திரண்டு அங்குலச் சதுரம். ஒன்றில் குத்தியிருந்த சீட்டில் நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி, இன்னொன்றில் இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. இந்த வீட்டில் அந்த அளவில் கட்டில் எதுவும் கிடையாது. மடித்து, இருந்த இடத்திலேயே, அடியில் வைத்தேன்.

இப்போது மெஷினில் இருப்பது ஆறாவது. மஞ்சளும் பச்சையும். அதுவும் நாற்பத்திரண்டு அங்குலம்.

மகள் ஆதிரை ஓசூரிலிருந்து பேசினாள். ஐந்தாம் மாதம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாராம் டாக்டர். இதற்கு முன் இரண்டு முறையும் நாங்கள் ஐந்தாம் மாதத்தைப் பார்த்ததில்லை.

ஜூன் 6

மூன்று அடுக்கையும் சேர்த்து எப்படித் தைப்பது என்பதில் உலகம் பல பிரிவுகளாகப் பிளவுபட்டிருக்கிறது. நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒட்டுப்போட்ட கோட்டிலேயே ஊசியை ஓட்டி, தைத்ததே தெரியாமல் தைப்பவர்கள் ஒரு பிரிவு. இவர்கள் அடக்கமானவர்கள், தங்கள் அடக்கத்தைப் பற்றி நீளமாக எழுதுகிறார்கள். நேர்க்கோடாகத் தைப்பவர்களுக்கு எங்கிருந்தோ ஒரு கோபம் இருக்கிறது. மெஷினில் துணியைத் தள்ளும் பல்லைக் கீழே இறக்கிவிட்டு, கையாலேயே துணியை நகர்த்தி, எறும்பு வழிதவறிப் போனதுபோல வளைத்து வளைத்துத் தைப்பவர்கள் தங்களைச் சுதந்திரர்கள் என்று அழைத்துக்கொள்கிறார்கள்.

நெருக்கித் தைத்தால் குயில்ட் அட்டைபோல விறைக்கும். இடைவெளி விட்டுத் தைத்தால் மெத்தென்று இருக்கும். இது எல்லாப் பிரிவுகளும் ஒப்புக்கொள்ளும் ஒரே உண்மை.

ஜூன் 7

சுதந்திர முறையை ஒரு பழைய தலையணை உறையில் சோதித்தேன். பத்து நிமிடத்தில் ஊசி இரண்டு உடைந்தது.

தெய்வானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்னுங்க, காவேரிங்களா?"

"எறும்புத் தடம்."

"எறும்புக்கு உடம்பு செரியில்லீங்களாட்ட இருக்குது."

மேல்துணி முடிந்துவிட்டதே, பஞ்சு வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். அவசரமில்லை என்றாள். யாருக்கு இது என்று கேட்டேன். "சும்மா தெச்சேன்" என்றாள். நான்கு வருடத்துக்கு முன்பும் அவள் இப்படித்தான் சும்மா தைத்தாள்.

ஜூன் 15

அவசரமில்லை.

ஜூன் 21

ஆறாம் மாதம் பிறந்தது. நானாகச் சொல்லவில்லை. தெய்வானை காலண்டரில் எதையும் குறிக்காமலேயே அதன்முன் கொஞ்ச நேரம் நின்றாள். அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

ஜூலை 4

ஓசூரில் ஸ்கேன். தெய்வானை நான்கு நாள் தங்கிவர பஸ் ஏறினாள். போகும்போது பிரிட்ஜில் எதெதை எந்தெந்த வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று ஒரு பட்டியல் ஒட்டினாள். மேல்துணியைப் பற்றிப் பட்டியலில் ஏதும் இல்லை. தடை விதிக்கப்படாத எதுவும் அனுமதிக்கப்பட்டதே என்பது சட்டக் கோட்பாடு.

மஞ்சள் பச்சையைப் பையில் போட்டுக்கொண்டு ரங்கராசுவைப் பார்க்கப் போனேன். என் பழைய மாணவன். இப்போது ஒரு குயில்ட் யூனிட் நடத்துகிறான். பன்னிரண்டடி நீள மெஷின். அதில் துணி அசையாது, ஊசித்தலைதான் தண்டவாளத்தில் ஓடும்.

"வாங்க சார், வாங்க. என்னைய ஞாபகம் இருக்குதுங்களா? வரலாத்துல முப்பத்தி நாலு போட்டீங்க. ஒரு மார்க்குல போச்சு."

"உனக்கு வந்தது முப்பத்தொண்ணு. மூணு நான் போட்டது."

"அந்த ஒண்ணையுஞ் சேத்தே போட்டிருக்கலாமுல்லங்க சார்?"

"மனசாட்சி இடங்குடுக்கல."

"மூணு வரைக்கும் குடுத்துச்சாக்கும்" என்று சிரித்து, கம்ப்யூட்டர்த் திரையைத் திருப்பினான். இறகு, அலை, சங்கு, திராட்சைக்கொடி. இருநூறுக்கும் மேற்பட்ட வடிவங்கள். "ஃபாரினுக்கெல்லாம் இந்த இறகுதான் சார் போகுது. அடிச்சு உட்ரட்டுங்களா?"

நேர்க்கோடு, மூன்றங்குல இடைவெளி, வெளிர் சாம்பல் நூல் என்றேன்.

"அவ்வளவுதானுங்களா? இதுக்கு இந்த மெஷினே வேண்டாமுங்களே. ஆருக்குங்க சார் இது?"

"தெரியாது."

"ரகசியமுங்களா?"

"இல்லப்பா. எனக்கே இன்னும் சொல்லல."

அவன் மேல்துணியைக் கையில் எடுத்து அதன் அளவைப் பார்த்தான். ஊசித்தலையை அவனே பிடித்துக்கொண்டான்.

ஜூலை 6

முடிந்துவிட்டது. பதின்மூன்று கோடுகள். பின்பக்கம் ஒரு சுருக்கம் இல்லை. ரங்கராசு தன் அன்பளிப்பாக ஓரப்பட்டியும் வைத்து, இஸ்திரி போட்டு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தான். இந்த வீட்டில் முப்பத்தாறு வருடத்தில் முழுதாக முடிக்கப்பட்ட முதல் குயில்ட். கட்டிலின் நடுவில் வைத்தேன், கதவைத் திறந்ததும் கண்ணில் படும்படி.

ஜூலை 8

தெய்வானை வந்தாள். கண்ணில் பட்டது.

ஜூலை 9

நேற்று எழுத நேரமில்லை. நடந்தது இது.

அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "முடிச்சுட்டீங்களா?" என்றாள்.

"நேர்க்கோடு. மூன்றங்குல இடைவெளி."

"பட்டியும் வெச்சாச்சுங்களா?"

"ரங்கராசே வெச்சுட்டான்."

"கவரு வேற."

"ஜிப்பு வெச்சது."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். உறையைத் தொடவில்லை. "புள்ள வயித்துல இருக்கறப்ப அதுக்குன்னு எதையும் முழுசா முடிச்சு வெக்கக் கூடாதுங்க. தொட்டிலு வாங்க மாட்டோம், சட்டை தெக்க மாட்டோம். எல்லாம் கையில வந்த பொறவுதான். உங்களுக்குத் தெரியாததுங்களா?"

"தெரியும். எனக்கு அதுல நம்பிக்கை இல்ல."

"உங்க நம்பிக்கைய இப்ப ஆருங்க கேட்டாங்க?"

என்னிடம் ஒரு வாதம் இருந்தது. பீரோவின் அடியில் இருக்கும் இரண்டும் முடிக்கப்படாமல்தானே இருந்தன, அதனால் என்ன நடக்காமல் போயிற்று என்பது. அசைக்க முடியாத வாதம். முப்பத்தாறு வருட மணவாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட கேள்விகளில் இதுவே மிகச் சிறந்தது என்று நினைக்கிறேன்.

மாலை பேச்சுவார்த்தை நடந்தது. ஓரப்பட்டியை ஒரு பக்கம் முழுக்கப் பிரிக்க வேண்டும் என்றாள். நான்கு விரற்கடை போதும் என்றேன். ஒரு சாண் என்று முடிவாயிற்று. யாருடைய சாண் என்பதில் மேலும் சிறிது நேரம் ஆயிற்று. அவளுடையது. அவளே அளந்து பிரித்தாள். அந்த ஒரு சாண் வாய் திறந்து, உள்ளே பஞ்சு தெரிகிறது. இந்தக் குயில்ட் முடிக்கப்படவில்லை என்பதில் இரு தரப்புக்கும் இப்போது கருத்து வேறுபாடு இல்லை.

ஜிப் வைத்த உறையில் வடகம் போட்டு வைத்திருக்கிறாள்.

ஸ்கேன் நன்றாக இருந்ததாம். அதை அவள் இரவுச் சாப்பாட்டின்போதுதான் சொன்னாள். தண்டனை என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 18

ஆதிரையை மாப்பிள்ளை காரில் கொண்டுவந்து விட்டார். பிரசவம் இங்கேதான். மாப்பிள்ளை நல்லவர். வழியில் வேகத்தடை எத்தனை என்று எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். நாற்பத்தேழு.

மதியம் ஆதிரை பீரோவைத் திறந்து மஞ்சள் பச்சையை எடுத்து வந்தாள். "அப்பா, இதென்ன ஒரு பக்கம் பிரிஞ்சு கெடக்குது?"

"தொழில்நுட்பக் காரணம்."

"அம்மா பிரிச்சுச்சா?"

"கூட்டு முடிவு."

சிரித்தாள். சிரித்து முடித்து, அந்தத் திறந்த சாணுக்குள் இரண்டு விரலை விட்டுப் பஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். "மெத்துன்னு இருக்குது. உங்க வேலையாப்பா இது?"

"கோடு என்னுது. இடைவெளியும் என்னுது."

"பரவால்ல. வரலாறு படிச்சவங்களுக்கும் ஏதோ ஒரு வேலை தெரியுது."

பீரோவின் அடியில் இருப்பவற்றையும் அவள் பார்த்திருக்க வேண்டும். மடிப்பு மாறியிருந்தது. நான் மடிப்பைச் சரிசெய்யவில்லை.

ஆகஸ்ட் 27

சாத்துக்குடி வாங்கினேன்.

செப்டம்பர் 5

காலையில் ஆதிரையின் கால் வீங்கியிருந்தது. தலைவலி என்றாள். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், கருவி சரியில்லை என்று இன்னொரு கருவி கொண்டுவந்தார். கருவி சரியாகத்தான் இருந்திருக்கிறது. உடனே சேர்த்துக்கொண்டார்கள். எட்டாம் மாதம்தான் நடக்கிறது. எத்தனை நாள் தள்ளிப்போட முடிகிறதோ அத்தனை நாள் நல்லது, தள்ள முடியாவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். தாய் முக்கியம் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் பார்த்தது தெய்வானையை அல்ல, என்னை.

தெய்வானை துணைக்கு அங்கேயே தங்கிவிட்டாள். ஒருவருக்குத்தான் அனுமதி.

செப்டம்பர் 6

காலை ஆஸ்பத்திரி போய்ச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் பதினோரு மணிக்கு வீடு திரும்பினேன். வேறு வேலை இல்லாததால் மஞ்சள் பச்சையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஓரப்பட்டியின் தையல் இழுத்துப் பிடித்ததுபோல இருந்தது. ஜூலையில் இது என் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. திறந்திருந்த ஒரு சாண் அளவில் ஆரம்பித்து, அந்தப் பக்கம் முழுவதையும் பிரித்தேன். ஒரு பக்கம் மட்டும் பிரிந்திருந்தால் மற்ற பக்கங்கள் கோணும். எனவே நான்கையும் பிரித்தேன்.

பட்டி போனபின் பார்த்தால் முதல் கோட்டிலும் அதே இழுவை. அதைப் பிரித்தேன். ஒன்றை மட்டும் எடுத்தால் மற்றவை தாங்காது என்பதை எந்தத் தையற்காரரும் ஒப்புக்கொள்வார். ஒரு கோட்டுக்கு ஏறத்தாழக் கால் மணி நேரம். வெளிர் சாம்பல் நூலில் ஒரு குறை உண்டு: பிரிக்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏழாவது கோட்டில் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது, ஒன்பதிலும்.

நான்கே முக்காலுக்குப் பதின்மூன்றும் முடிந்தது. மேல்துணி தனி, பஞ்சு தனி, அடித்துணி தனி. மூன்றையும் மூன்று இடத்தில் வைத்தேன்.

முற்றிலும் தரம் சார்ந்த முடிவு இது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

செப்டம்பர் 8

ஆதிரையின் அழுத்தம் குறையவில்லை, ஏறவும் இல்லை. மாப்பிள்ளை வந்து அரைநாள் துணைக்கு இருந்ததால், தெய்வானை குளித்து, மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். துணி எடுக்கப் பீரோவைத் திறந்தாள். அங்கே மேல்துணி மட்டும் தனியாக இருந்தது.

அப்புறம் வந்து எனக்குச் சோறு போட்டாள். "ஏனுங்க, தையல் இழுத்துச்சுங்களா?"

"கொஞ்சம்."

"பதிமூணு கோடுமா?"

"எல்லாமே கொஞ்சங் கொஞ்சம்."

ரசத்தை ஊற்றினாள். நான் போதும் என்று சொல்லும் இடத்தையும் தாண்டி ஊற்றினாள். "இழுக்கறத அப்படியே வெச்சிருக்கக் கூடாதுங்க. நல்லதுதான் பண்ணுனீங்க" என்றாள். போகும்போது என் மேசையில் கிடந்த நூல் துணுக்குகளைத் திரட்டி உருட்டித் தன் பர்சில் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

செப்டம்பர் 13

தள்ளிப்போகிறது.

செப்டம்பர் 17

தள்ளிப்போகிறது.

செப்டம்பர் 20

காலை ஒன்பது இருபதுக்கு அறுவை. ஒன்பது நாற்பத்தொன்றுக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ நூற்றைம்பது கிராம். ஆதிரை நலம். நர்ஸ் கொண்டுவந்து காட்டினார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "நல்லது" என்றேன். குழந்தை என்னை ஒரு கண்ணால் மட்டும் பார்த்தது. அதுவே போதும் என்று முடிவு செய்ததாகத் தெரிகிறது.

எடை கூடும்வரை சில நாள் கண்ணாடிப் பெட்டியில் இருக்க வேண்டுமாம்.

தெய்வானை மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். மாப்பிள்ளையும் நானும் தண்ணீர் வாங்கப் போனோம். இரண்டு பேர் போக வேண்டிய வேலை அல்ல அது.

அக்டோபர் 1

பெட்டியிலிருந்து வந்து இரண்டு நாள் தாயோடு இருந்தாயிற்று. இன்று வீடு. ஆரத்தி எடுத்தார்கள். பிள்ளையைப் புதுத்துணியில் போடக் கூடாது என்று தெய்வானை என் பழைய வேட்டி நான்கைக் கிழித்துச் சதுரமாக்கி வைத்திருக்கிறாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயரைப் பற்றிய பேச்சுவார்த்தையில் எனக்கு அனுதாபம் தேவைப்படும்.

அக்டோபர் 9

குழந்தை பகலில் தூங்க மறுக்கிறது. ஐந்து பேர் முயன்று தோற்றோம். ஐந்தாவது ஆளாக ரங்கராசு பார்க்க வந்து, தூக்கி, தோற்றுப் போனான். "என்னைய பெயிலாக்குனவரு பேத்திதானுங்களே" என்றான்.

அக்டோபர் 12

தெய்வானை மஞ்சள் பச்சையின் மூன்று அடுக்கையும் மறுபடி விரித்து, ஊக்குக் குத்தி, மெஷினில் ஏற்றினாள். எந்த முறை என்பதில் விவாதம் இல்லை: நேர்க்கோடு, மூன்றங்குல இடைவெளி, வெளிர் சாம்பல். "நீங்க போட்டது நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றாள். என் வாழ்நாளில் எந்த ஆய்வுக்கட்டுரைக்கும் இப்படி மதிப்புரை வந்ததில்லை.

மெஷின் ஓடத் தொடங்கியதும் அடுத்த அறையில் அழுகை நின்றது. ஆதிரை எட்டிப் பார்த்து, "நிறுத்தாதம்மா, தூங்கீட்டா" என்றாள். கோடு முடிந்து தெய்வானை நூலை வெட்டினாள். அழுகை.

பதின்மூன்று கோடுகளும் ஓரப்பட்டி நான்கு பக்கமும் ஒரே மூச்சில் முடிந்தன. குழந்தை இரண்டு மணி நேரம் தூங்கியது.

அக்டோபர் 14

மெஷின் சத்தத்தை ஃபோனில் பதிவு செய்து போட்டுப் பார்த்தோம். ஏமாறவில்லை.

அக்டோபர் 15

ஆதிரை பீரோவின் அடியிலிருந்து அந்த இரண்டையும் எடுத்து வந்து அம்மா மடியில் வைத்தாள். "இதையுந் தெச்சுருமா."

தெய்வானை என்னைப் பார்த்தாள். நான் நூற்கண்டைப் பார்த்தேன்.

"இதுக்கு என்ன நூலுப்பா?" என்றாள் ஆதிரை.

"அதே சாம்பல் போதும் கண்ணு. எல்லாத்துக்கும் பொருந்தும்."

"கோடு வேண்டாம். வேற ஏதாவது."

தெய்வானை மெஷினின் பல்லை இறக்கினாள். கையாலேயே துணியை நகர்த்தி, வளைத்து வளைத்து ஓட்டினாள். எந்தக் கோடும் எந்தக் கோட்டையும் வெட்டவில்லை. ஆதிரை பக்கத்தில் உட்கார்ந்து ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தாள். உள்ளே குழந்தை தூங்கியது. மெஷின் சத்தத்தில் எது பேசினாலும் கேட்டிருக்காது.

அக்டோபர் 24

அந்த இரண்டும் முடிந்து, துவைத்துக் காய்ந்து, மடித்து, ஆதிரையின் அலமாரியில் இருக்கின்றன.

இரட்டைக் கட்டில் அளவைத் தொடங்கிவிட்டோம். எந்த முறை என்ற கேள்விக்கு வரலாறு விடை சொல்லிவிட்டது. நேர்க்கோடு ஒரு நாள் தூக்கத்துக்குக்கூடக் காணாது. நெருக்கிய வளைதையல் என்றால் ஒரு சதுர அடிக்கே அரைமணி நேரம் ஓடும். விறைப்பு, மென்மை பற்றிய எல்லாத் தத்துவங்களும் தற்காலிகமாக ரத்து. வீட்டு மெஷினின் கைக்குள் அவ்வளவு பெரிய துணி நுழையாது என்பதால், ஒரு பாதியைச் சுருட்டி நான் எதிரில் நின்று தாங்கிக்கொள்கிறேன். தேரின் பின்னால் முட்டுக்கட்டை போடுபவரின் பொறுப்பு. தெய்வானை "உடுங்க" என்றால் விட வேண்டும், "புடிங்க" என்றால் பிடிக்க வேண்டும்.

"தோளு வலிக்குதுங்களா?" என்று கேட்டாள் இன்று, தலையைத் தூக்காமல்.

"இல்லை."

"பொய்யி" என்றாள். ஆனால் மெஷினை நிறுத்தவில்லை.

நவம்பர் 6

பெயர் முடிவாகிவிட்டது. என் பட்டியலில் இல்லாத பெயர். நல்ல பெயர்தான்.

நவம்பர் 11

இரண்டாவது பெரியது முடிந்தது. மூன்று கிலோ அறுநூறு. எடை, குழந்தையுடையது.

நவம்பர் 23

மூன்றாவதும் இன்று பிற்பகல் இரண்டு பத்துக்கு முடிந்தது. பீரோவில் இனி மேல்துணி ஏதும் இல்லை. குழந்தை இரண்டு பதினொன்றுக்கு விழித்தது.

நவம்பர் 24

காலையில் தெய்வானை கூடத்து ஜன்னல் திரைகள் நான்கையும் கழற்றித் துவைத்துப் போட்டாள். பதினோரு மணிக்குக் காய்ந்தன. ஐந்தங்குலச் சதுரங்களாக வெட்டினோம்.